அந்த ஒன்பது நிமிஷம்

பார்சுவநாதர் துணை

செஞ்சி,
மாசி 11, திங்கட்கிழமை

அன்பு மகள் ஜினப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உன் நைனாவும் நானும் இங்கே நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அந்த டொராண்டோ பனியில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று பகவானை நம்பியிருக்கிறேன். ஐந்து நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளைதான் எடுத்து, அவ தூங்குறா அத்தை என்கிறார். ராவும் பகலும் தூங்க என் மகள் என்ன கைக்குழந்தையா என்று கேட்டேன். பாவம் மனுஷன், சிரிக்கவும் முடியாமல், அவ சரியா சாப்டறதுகூட இல்ல அத்தை, மாமா விழுந்து கிடந்ததுக்கு நான்தான் காரணம்னு சொல்லிக்கிட்டே இருக்குறா என்று உண்மையைக் கக்கிவிட்டார். அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். எழுதி முடித்ததும் நானே படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன், கை ஆடி எழுத்து மங்கியிருந்தால் திட்டாமல் படி.

முதலில் நைனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புருவத்தில் போட்ட நாலு தையலை நாளைக்குப் பிரிக்கிறார்கள். இடது மணிக்கட்டில் எலும்பு முறியவில்லை, சுளுக்குதான், இரண்டு வாரம் கட்டு இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டு எதற்கென்று அவருக்குத்தான் நினைவில்லை. வாட்ச் கட்டச் சொன்னா துணிய சுத்தி வச்சிருக்கீங்க, இன்னா வேல இது என்று காலையில் என்னோடு ஒரு சண்டை. பிறகு விதைக்கடைச் சாவியைத் தேடினார். கடையை விற்று ஏழு வருஷமாகிறது, ஆனாலும் ஒரு பழைய பூட்டுச் சாவியைக் கையில் கொடுத்தேன், மடியில் சொருகிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார். சிங்கவரம் கொல்லையில் மல்லாட்டைச் செடி நன்றாகப் பூ விட்டிருக்கிறதாம், குத்தகைக்கு உழுகிற இளையபெருமாள் வந்து சொன்னான். மாப்பிள்ளை வேர்க்கடலை என்பாரே, அவருக்கு அவித்த மல்லாட்டை பிடிக்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அந்தப் பெட்டி விஷயம். பெட்டியைக் கழற்றி எறி, நைனாவைச் சென்னையில் ஒரு முதியோர் ஹோமில் சேர்த்துவிடலாம் என்று செய்தி அனுப்பியிருந்தாய். பெட்டி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீ ஆசையாக ஏற்பாடு செய்து, திண்டிவனத்திலிருந்து பெட்டிக் கம்பெனிக்காரர் விமல்ராஜ் வந்து கூடத்துச் சுவரில் மாட்டிய அன்று, சோப்பு டப்பா மாதிரி இருக்கிறதே, இது மனுஷனைப் பிடிக்குமா என்று நான்தான் சிரித்தேன். இது புடிக்காதும்மா, விழுந்தா சொல்லும், இதுல கேமரா கெடையாது, ஆளு நிக்கிறாரா தரையில கெடக்குறாரான்னு மட்டும்தான் இதுக்குத் தெரியும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நைனா தரையில் அரை நிமிஷம் கிடந்தால் அடுப்படியில் மணி அடிக்கும், உன் போனுக்கும் செய்தி வரும், அவ்வளவுதானே. ஆனால் நம் வீட்டு மனுஷர் விடிந்ததும் மேல்சித்தாமூர் கோயில் பக்கம் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுகிறவர் என்பதை நீயும் மறந்தாய் நானும் மறந்தேன். முதல் நாளே பெட்டி கத்திய கத்தல் இருக்கிறதே, நீ அங்கிருந்து அலற, நான் இங்கே ஓட, அவர் பாட்டுக்குத் தரையில் கிடந்து நமோ அரிஹந்தாணம் சொல்லிக்கொண்டிருக்க, அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறே வலித்தது. மூன்று மாதமாகக் காலையும் மாலையும் மணி அடித்தது. பொழுது சாயும்போது விடிகிறது என்று நினைத்து மாலையிலும் கும்பிட ஆரம்பித்தார். மணி அடித்தால் நைனா கும்பிடுறாரு, நிறுத்திடு என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். புலி வருது புலி வருது கதையாகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. மொட்டை மாடியில் வத்தல் அள்ளப் போயிருந்தேன், மணி காதில் விழவில்லை என்று சொன்னேன் அல்லவா. பொய் அது. அடுப்படியில்தான் நின்றேன். மணி ஐந்தே முக்கால் இருக்கும், பீர்க்கங்காய் கூட்டு கொதித்துக்கொண்டிருந்தது, தோசைக்கல்லில் மாவு ஊற்றியிருந்தேன். பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிடவில்லை என்றால் அப்புறம் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார், மாத்திரையும் போகாது, விடிய விடிய வெறும் வயிறு. எல்லாம் மறந்த மனுஷனுக்கு இருட்டினால் சாப்பிடக்கூடாது என்கிற நம் சமண விரதம் மட்டும் மறக்கவில்லை. அந்த அவசரத்தில் மணி அடித்தது. சரிதான், கும்பிடுகிறார் என்று கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் இன்னொரு கையால் மணியை நிறுத்துகிற பொத்தானை அமுக்கினேன். தோசையைத் திருப்பினேன். இன்னொன்று ஊற்றினேன். தட்டைப் போட்டுக் கூப்பிட்டால் பதில் இல்லை. கூடத்துக்கு வந்து பார்க்கிறேன், குளியலறைப் பக்கம், வேட்டி காலில் சுற்றி, குப்புறக் கிடக்கிறார். பதறித் தூக்கப் போனால், இரு இரு, இன்னும் கும்பிட்டு முடிக்கல என்கிறார். தரையில் கிடக்கிறோமே, அப்படியானால் கும்பிடத்தான் வந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாரடி அந்தப் பாவி மனுஷன். அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு நொடி எனக்கு உயிர் வந்தது. திருப்பிப் பார்த்தால் முகமெல்லாம் ரத்தம். எதிர் வீட்டு அன்புச்செல்வன் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவை எடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

மறுநாள் விமல்ராஜ் வந்து பெட்டிக்குள் பதிவாகியிருந்ததை எடுத்துப் பார்த்தார். ஐந்து நாற்பத்திரண்டுக்கு மணி அடித்திருக்கிறது, அதே நிமிஷம் அடுப்படியில் அமுக்கியிருக்கிறது. நீ பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டே உன் போனுக்கு வந்த செய்தியை நிறுத்தியது ஐந்து நாற்பத்திநாலுக்கு. நான் கூடத்துக்கு வந்தது ஐந்து ஐம்பத்தொன்றுக்கு. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நீங்களே அக்காகிட்ட சொல்லிடறீங்களாம்மா என்று மெதுவாகக் கேட்டார். சொல்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு ஐந்து நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். என்ன பயம் என்றால், மணி கேட்டும் அம்மா போய்ப் பார்க்கவில்லை என்று தெரிந்தால் நைனாவை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாயே என்ற பயம். அந்தப் பயத்தில் பழியை உன் தலையில் ஏற்றிவிட்டேன். பெற்றவள் செய்கிற காரியமா இது. முதலில் அமுக்கியது நான், பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு. நீ எத்தனையோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாய், நான் சொல்லிக்கொடுத்ததைச் செய்தாய். உன் மேல் குற்றமே இல்லை கண்ணு.

விமல்ராஜைக் கெஞ்சி ஒரு காரியம் செய்துகொண்டேன். மணியை நிறுத்துகிற பொத்தானை அடுப்படியிலிருந்து கழற்றி, கூடத்தில் பெட்டிக்குக் கீழேயே வைத்துவிட்டார். இனி நிறுத்த வேண்டுமென்றால் அவர் பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும். உன் போனிலும் இனி நிறுத்த முடியாது, பார்க்கத்தான் முடியும். ஒரு நாளைக்கு நூறு தடவை கும்பிட்டாலும் நூறு தடவை போய்ப் பார்க்கிறேன். சமையலையும் நாலரைக்கே முடித்துவிட்டு, பொழுது சாயும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

நேற்றுக் காலை கட்டுப் போட்ட கையோடு மறுபடி விழுந்து கும்பிடப் போனார். நீங்க நில்லுங்க, உங்களுக்கும் சேத்து நான் கும்பிடறேன் என்று நான் விழுந்தேன். இந்த முழங்காலை நம்பி விழுந்தேனே, எழுந்திருக்க முடியவில்லை. மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் அவர் வந்துவிட்டார். ஏ அனந்தமதி, விழுந்துட்டியா, இன்னா ஆச்சு என்று நல்ல கையால் என் தோளைப் பிடித்து இழுக்கிறார். என் பேரை அவர் வாயில் கேட்டு எத்தனை மாதமாயிற்று தெரியுமா. தூக்க முடியவில்லை என்றதும் என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மணி அடித்தால் வந்து பார்க்க வேண்டும் என்று அந்த மனுஷருக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில்தான் இடுப்பில் சொருகியிருந்த போனும் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும் இரைத்தது. நீதான் என்று தெரியாதா எனக்கு. ஒன்னும் இல்லடி, நான்தான் கும்பிட்டேன் என்றதும் வைத்துவிட்டாய்.

ஹோம் விஷயத்தை இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு யோசி. அங்கே சேர்ப்பதுதான் நல்லது என்று தோன்றினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். உன்னால் விழுந்தார் என்று நினைத்து மட்டும் முடிவு எடுக்காதே. அம்மாவை நம்பி அவரை விட்டுவைக்கலாமா என்று யோசி, கூடாது என்று தோன்றினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடு.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க நைனாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன், சரி சரின்னு சொல்லு என்றார். அங்கே குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டுகிறது என்பாயே, அதற்காகப் பட்டினி கிடக்காதே, இருட்டின பிறகு சாப்பிட்டாலும் பரவாயில்லை, சாப்பிடு. இதைப் படித்த உடனே போன் பண்ணு. என்னைத் திட்டுவதற்காவது பண்ணு.

உன் அம்மா,
ஜெ. அனந்தமதி