அடுப்புப் பக்கத்துப் பட்டை

அம்மா,

காலையில் உன் மாமரத்தின் பட்டையைச் சுரண்டினேன். சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் பிசின் வாசம் போகவில்லை. அந்தக் கையோடுதான் எழுதுகிறேன்.

மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அந்த ஒட்டுக்கன்றை வாங்கி, சிங்காநல்லூர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். "மடியில இருக்கற கொழந்தைக்கு ஏதுங்க டிக்கெட்டு?" என்றாய். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஏன் அம்மணி, பேசுனா வாய் தேஞ்சா போயிரும்?" என்று தொடையில் கிள்ளினாய்.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் நட்டபோது, தண்டில் முட்டிபோல் புடைத்திருந்த ஒட்டைக் காட்டினாய். "இதுக்குக் கீழ நாட்டு மரம், மேலதான் நம்ம மரம். கீழ துளிர் விட்டாக் கிள்ளிப்போடு." எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றபின் அது என் வேலையானது.

நீ போன சில மாதத்தில் மரத்தின் ஒரு பக்கம் இலை காய்ந்தது. பட்டை வெடித்துப் பிசின் கறுப்பாக வழிந்தது. பார்த்தவர்களெல்லாம் ஒன்றையே சொன்னார்கள்: வைத்தவள் போய்விட்டாள், மரமும் பின்னாலேயே போகிறது. பெரியப்பா அந்த முட்டியைத் தொட்டு, "கட்டி வந்துருச்சு. பட்ட மரம் வயசுப்புள்ள இருக்கற ஊட்டுல நிக்கக்கூடாது" என்றார். இன்று காலை மரம் வெட்டுகிறவரையும் கூட்டிவந்துவிட்டார். அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள்மேல் மட்டுமல்ல, உன்மேலும். எல்லாவற்றையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறவளா நீ?

கத்தியை எடுத்துப்போய்ச் சுரண்டினேன். தெற்குப் பக்கம் உள்ளே காய்ந்து பழுப்பாக இருந்தது. வடக்குப் பக்கம் நகம் பட்டதுமே பச்சை, ஈரம். ஒட்டுக்கு மேலும் கீழும் அப்படியேதான். நோய் என்றால் ஒரு பக்கத்தை மட்டும் எதற்குத் தின்ன வேண்டும்? திரும்பிப் பார்த்தேன். தெற்கே, கையெட்டும் தூரத்தில், கரி பிடித்த அடுப்புக்கல். உன் கருமாதிக்கு வந்த ஒறம்பரை சனத்துக்குச் சோறாக்க, நிழல் பார்த்து நாங்களே கூட்டிய அடுப்பு. சடங்கு முடிந்தும் அதை எடுக்கவில்லை. வீட்டுக்கே அதில்தான் வெந்நீர்.

"பெரியப்பா, மரம் அம்மா பின்னால போகலீங்க. அடுப்புச் சூட்டுல வெந்துபோச்சுங்க. அந்த முட்டி வாங்கறப்பவே இருந்ததுங்க."

"ஏப்பா, உன்ற புள்ளைக்குப் பேச்செல்லாம் வருமா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"வருமுங்க" என்றேன் நானே. "இந்தப் பக்கம் பச்சையா இருக்குதுங்க. தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. அப்பா எழுந்துவந்து தொட்டார். பிறகு அடுப்புக்கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் கொண்டுபோய்ப் போட்டார். வெட்ட வந்தவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

"ஆடி வரைக்கும் பாக்கறேன்" என்றார் பெரியப்பா.

"பாருங்க" என்றேன்.

காய்ந்த பட்டையைப் பச்சை தெரியும்வரை செதுக்கி, சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசியிருக்கிறேன். பிழைக்குமா, தெரியவில்லை. அந்தப் பக்கக் கிளை போகலாம். போனாலும் சூட்டால் போனது என்றுதான் சொல்வேன். உனக்காக அழ நான் இருக்கிறேன். அந்த வேலையை மரத்தின் தலையில் கட்ட விடமாட்டேன்.