மூன்றாம் முறை தள்ளியபோது

இன்று காலை வண்ணார்பேட்டையில் பேருந்துக்குக் காத்திருந்தேன். கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த வாடை பட்டதும் நாம் போன கடற்கரை நினைவுக்கு வந்தது, நிற்க முடியவில்லை. வந்த பேருந்தையும் விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தேன். உன்னோடு பேசிக்கொண்டேதான் நடந்தேன்.

நாம் ஒரே கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலம். திசையன்விளைக்குத் தெற்கே கரையில் பெரிய மீன் ஒதுங்கியிருப்பதாக உன் மாணவி போனில் சொன்னாள். உடனே கிளம்பினோம். போய்ப் பார்த்தால் மீன் இல்லை, அலகுத் திமிங்கிலம். படத்தை மட்டும் காட்டி நாம் பாடம் நடத்திய உயிர். மூன்று ஆள் நீளம், வெளிறிய தலை, குட்டை அலகு, கீழ்த்தாடை நுனியில் இரண்டே பல். உடம்பெங்கும் நீளநீளமாய்க் கீறல்கள்.

"ஆம்பளைட்டி. சண்டை போட்ட தழும்பு பாத்தியா?" என்றாய்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் மூச்சடக்கி, வெளிச்சமே எட்டாத ஆழத்தில் கணவாயை உறிஞ்சித் தின்கிற பிராணி, முழங்கால் தண்ணீரில் புரண்டு கிடந்தது.

மீனவர்கள் கடலுக்குள் தள்ளினார்கள். திரும்பி வந்தது. மறுபடி தள்ளினார்கள், மறுபடியும் வந்தது.

"பாவம், விட்ருவோம்ட்டி. நிம்மதியாப் போட்டும்," என்றேன்.

நீ சேலையைச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாய். "மூச்சு விடுதுல்லா? விடுத வரைக்கும் தள்ளணும். அண்ணாச்சி, பிடிங்க!"

மூன்றாம் முறை அது அலைக்கு அப்பால் முதுகைக் காட்டி முங்கியது. பிறகு காணவில்லை. "பொழச்சிருக்குமாட்டி?" என்று எத்தனையோ நாள் கேட்டாய். எந்தக் கரையில் என்ன ஒதுங்கியது என்று செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தாய்.

போன வருஷம் உன் புற்றுநோய்க்கு இன்னொரு சுற்று மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். நீ தலையாட்டி மறுத்தாய். "போதும்ட்டி. அலுத்துட்டு."

கடற்கரையில் நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்லிக் கெஞ்சினேன். சிரித்தாய்.

"அது வாயத் தொறந்து சொல்லலியே. நான் சொல்லுதேம்லா?"

உன்னை வீட்டுக்கு அழைத்து வந்தேன். நீ கேட்டது சரிதானா, நான் அடங்கியது சரிதானா, இன்னும் தெரியவில்லை. படுத்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் நடக்கிறேன்.

போதும் என்று சொன்னவள் நீதான். கடைசி நாள்வரை என் கையை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தவளும் நீதான். அந்தப் பிடி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. சும்மா உட்கார விடமாட்டேன் என்கிறது.