பொட்டு வைத்த எஞ்சின்

ஒக்டோபர் 14, செவ்வாய்

கராஜில் நானே கட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு டோர்ட்முண்டில் ஒரு ஜேர்மன்காரரிடம் மலிவாகச் சின்ன பெற்றோல் எஞ்சின் சொல்லி வைத்திருந்தேன். இன்று மனைவியின் தம்பி சுதன் தன் பழைய வான் வண்டியின் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

"காசு ஒண்டும் வேண்டாம் அத்தான்."

நான் வாய் திறக்குமுன் அவன்ர அக்காக்காரி, என் மனைவி, அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரமும் கொளுத்திவிட்டாள். பொட்டு வைத்ததை எந்த முகத்தோடு திருப்பி அனுப்புவது?

அவன் போனதும் அளந்து பார்த்தேன். ஆறு சென்றிமீற்றர் உயரம் கூட. எஞ்சினுக்கு மேலே பொனற் மூடாது. பாரமும் கூட. காரை றோட்டில் ஓட்ட அனுமதி தரும் சோதனைக்காரர் என்ன சொல்வாரோ.

இரவு போன் எடுத்தான். "பிடிச்சிருக்கோ அத்தான்?"

"ஓம், நல்ல எஞ்சின்" என்றேன்.

மூன்று மாதம் கையால் தேய்த்து மினுக்கிய பொனற்றை நாளை நானே வெட்ட வேண்டும்.