இரண்டு பாக்கெட் சட்டை

நவம்பர் 16, ஞாயிறு

அம்மி இன்று என்னைக் கேட்காமலே பள்ளிவாசலில் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பிப்ரவரி முதல் வாரம் உம்ரா. முழங்கால் வலியோடு கச்சேரி ரோடு முழுக்க நடந்து வந்தவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"மூணு வருஷமா கேக்குறேன் பேட்டா. ஒரு வருஷம் கடையில லீவு இல்லேன்னே. ஒரு வருஷம் வெயிலுன்னே. போன வருஷம் பாஸ்போர்ட்டைக் காணோம்னே. அது அரிசி டின்னுக்குப் பின்னாலதான் இருந்துச்சு."

அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தவன் நான்தான்.

சரி, இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். மக்காவுக்குப் போக ஆசை இல்லாமல் இல்லை. அங்கே ஆண்களுக்கு இரண்டு வெள்ளைத் துண்டுதான் உடை. இஹ்ராம். கஅபாவைச் சுற்றும்போது மேல் துண்டை வலது கைக்கு அடியில் விட்டு இடது தோளில் போடுவார்கள். வலது தோளும் வலது மார்பும் திறந்திருக்கும். என் மார்பு ஆண்களுக்கு இருப்பதுபோல் இல்லை. பெண்களுக்கு இருப்பதுபோல் பருத்திருக்கிறது. பதின்மூன்று வயதில் ஆரம்பித்தது, முப்பத்திரண்டிலும் போகவில்லை. மூடிக்கொண்டு சுற்றினாலும் உம்ரா நிறைவேறும், தெரியும். ஆனால் எங்கள் குழுவில் முப்பது ஆண்கள் திறந்திருக்க, ஒருவன் மட்டும் இழுத்துப் போர்த்தியிருந்தால் எல்லோரும் அவனைத்தானே பார்ப்பார்கள்? என் புத்தி அப்படித்தான் போகிறது.

எழுதி முடித்ததும் இந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று இருந்தது. கிழிக்கவில்லை.

நவம்பர் 19

கிஷோரிடம் சொல்லிவிட்டேன். தி. நகர் கண்ணாடிக் கடையில் நான் முன்னால் நின்று ஃப்ரேம் மாட்டிப் பார்க்கிறவன், அவன் பின்னால் லென்ஸ் வெட்டுகிறவன். கடலோர நொச்சிக்குப்பத்துப் பிள்ளை, சட்டை இல்லாமலே வளர்ந்தவன். எட்டு வருஷமாகக் கடலில் குளிக்கக் கூப்பிடுகிறான். எட்டு வருஷமாக நான் தோலில் அலர்ஜி என்கிறேன்.

சிரிப்பான் என்று நினைத்தேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "இத்த ஏன்டா இத்தினி நாளா சொல்லாம கீற? அதான் எப்பப் பாரு ரெண்டு பாக்கெட் சட்டையா மாட்டிக்கினு சுத்துறியா?" என்றான்.

கண்டுபிடித்துவிட்டான். பள்ளிக்கூட நாளிலிருந்தே என் சட்டைகளுக்கு இரண்டு பக்கமும் பாக்கெட், மூடியோடு. ஒன்றில் பேனா, சின்ன ஸ்கேல். இன்னொன்றில் கண்ணாடி துடைக்கும் துணி. இரண்டும் உப்பியிருந்தால் எது பாக்கெட், எது நான் என்று யாருக்கும் தெரியாது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

"ஆபரேஷன் கீது மச்சி. கொழுப்ப உறிஞ்சி எட்த்துருவாங்கோ. வா, நான் இட்டுனு போறேன்."

டிசம்பர் 13, சனி

ரத்தம், ஹார்மோன், ஸ்கேன் எல்லாம் முடிந்து இன்று ஆழ்வார்பேட்டையில் டாக்டர் உட்காரவைத்துப் பேசினார். பெண் டாக்டர். போன தடவை வாசல்வரை போய்த் திரும்பியவனைக் கிஷோர்தான் காலரைப் பிடித்து உள்ளே தள்ளினான். இன்று நானாகவே போனேன்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. லைப்போசக்ஷன் உடம்பு இளைக்கறதுக்கு இல்ல. எடை மெஷின்ல ஏறிப் பார்த்து ஏமாறாதீங்க. ஓர் இடத்துல சேர்ந்து, எது பண்ணியும் கரையாத கொழுப்பை மட்டும் எடுக்கறது."

காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அக்குள் பக்கம் சின்னத் துளை. முதலில் மரத்துப்போகிற மருந்து கலந்த உப்புத் தண்ணீரை உள்ளே ஏற்றுவார்கள். பிறகு மெல்லிய குழாயை விட்டு முன்னும் பின்னும் அசைத்துக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். எனக்குக் கொழுப்புக்குக் கீழே கொஞ்சம் சுரப்பியும் இருக்கிறதாம், அது உறிஞ்சினால் வராது, காம்புக்கு அடியில் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ரத்தக்கட்டு, மரத்துப்போதல், அரிதாகத் தொற்று, இரண்டு பக்கமும் கொஞ்சம் வித்தியாசம். எதையும் மறைக்கவில்லை.

"இது அழகுக்காகச் செய்யறது. செய்யலேன்னா உங்க உயிருக்கு ஒண்ணும் ஆகாது. அதனால அவசரமும் இல்ல, அவசியமும் இல்ல. எதுக்காக இப்போ?"

ஒரு பயணம், நிறைய நடக்க வேண்டும் என்றேன்.

"நாலு வாரத்துல தாராளமா நடக்கலாம். அழுத்திப் பிடிக்கற வெஸ்ட் ஒண்ணு தருவோம். அதை மட்டும் ஆறு வாரம் விடாதீங்க."

தலையாட்டினேன். பூம்பூம் மாடு மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஜனவரி 10, சனி, ஆதம்பாக்கம்

நேற்று முடிந்தது. காலையில் போய் மாலையில் வெளியே வந்தேன். கிஷோர் இப்போது குடியிருக்கும் வீட்டில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மியிடம் பெங்களூரில் லென்ஸ் கம்பெனி பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன். உம்ராவுக்குப் போகப்போகிறவன் சொல்கிற பொய்.

இருமினால் வலிக்கிறது. கையைத் தூக்கினால் வலிக்கிறது. டிரெஸ்ஸிங் மாற்றும்போது ஆசையாகக் குனிந்து பார்த்தேன். முன்பைவிடப் பெரிதாக இருந்தது! நீலமும் கறுப்புமாக வீக்கம். போனில் கேட்டால் டாக்டர் பொறுமையாக, "சொன்னேனே, நிஜமான வடிவம் தெரிய மூணு மாசம் ஆகும்" என்கிறார்.

சொன்னாரா? சொல்லியிருப்பார். 'அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்' என்பதோடு என் காது மூடிக்கொண்டது.

கிஷோர் ரசம் சாதத்தைப் பிசைந்து ஸ்பூனால் ஊட்டினான். "எங்கம்மாவுக்குக்கூட நான் இது செஞ்சதில்ல, எய்தி வெச்சுக்கோ" என்றான். எழுதி வைத்துவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பள்ளிவாசல் மாடியில் உம்ரா வகுப்பு. அம்மி பெண்கள் பக்கம் முதல் வரிசை. பாடம் நடத்திய இமாம் ஹஜ்ரத் இஹ்ராம் துண்டைக் கட்டிக் காட்டிக்கொண்டே சொன்னார்: "ஆண்களுக்குத் தைத்த துணி எதுவும் கூடாது. பனியன், ஜட்டி, எதுவும்."

தைத்த துணி.

சட்டைக்குள்ளே என் வெஸ்ட். தோல் நிறத்தில், முன்னால் வரிசையாகக் கொக்கி வைத்து, அங்குலம் அங்குலமாகத் தைத்தது. ஆறு வாரம் என்றால் பிப்ரவரி 20. உம்ரா பிப்ரவரி 7.

தோள் திறந்திருக்குமே, தோள் திறந்திருக்குமே என்று மூன்று வருஷம் பயந்தவனுக்குத் தையல் ஞாபகம் வரவில்லை. இஹ்ராம் கட்டுவதற்காக ஆபரேஷன் செய்துகொண்டேன். ஆபரேஷனுக்காகப் போட்டுக்கொண்டதை இஹ்ராமில் போடக் கூடாது. எனக்கு மட்டும்தான் இப்படி ஒரு மூளை இருக்கும்.

ஜனவரி 19

ஹஜ்ரத்துக்கு போன். ஒரு நண்பனுக்காகக் கேட்பதாகச் சொன்னேன். நம்பினாரோ என்னவோ.

"உடம்புக்கு அவசியம்னா போட்டுக்கலாம் தம்பி. மார்க்கத்துல கஷ்டம் இல்ல. பரிகாரமா மூணு நோன்பு, இல்லேன்னா ஆறு ஏழைங்களுக்குச் சாப்பாடு. ஆனா அவசியமாங்கறதை உங்க நண்பர் நேர்மையா பார்த்துக்கணும்."

ஆபரேஷனே அவசியம் இல்லை என்றார் டாக்டர். வெஸ்ட் அவசியமா என்கிறார் ஹஜ்ரத். இருவருக்கும் நடுவில் நான்.

ஜனவரி 24, சனி

அம்மிக்குத் தெரிந்துவிட்டது.

மாற்று வெஸ்ட்டைத் துவைத்துக் குளியலறைக் கதவுக்குப் பின்னால், துண்டுக்கு அடியில் காயப்போட்டிருந்தேன். மத்தியானம் சாப்பிட வந்தால் கட்டில்மேல் மடித்து வைத்திருக்கிறாள். பக்கத்தில் அவள்.

"யாரு பேட்டா அந்தப் பொண்ணு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வலி சுரீர் என்று இழுக்க, இரண்டு கையாலும் மார்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் முகம் மாறியது. எழுந்து வந்து என் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினாள். நான் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆபரேஷன் செய்துகொண்டதற்கு அவள் கோபப்படவில்லை. "மயக்க ஊசி போட்டுக்கிட்டு நீ அங்க படுத்திருந்தே. நான் இங்க உக்காந்து மொச்சை உரிச்சிக்கிட்டிருந்தேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா? மொச்சை உரிச்சிக்கிட்டிருந்தேன்டா நான்." அதையே மூன்று தடவை சொல்லி அழுதாள். அம்மி அழுது நான் பார்க்கிறது அத்தா மவுத்தானதுக்கப்புறம் இன்னிக்குத்தான். நான்தான் அழவெச்சேன். ஏன் மறைச்சேன் நான், ஏன்?

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அந்த ரெண்டு பாக்கெட் யார் வெக்கச் சொன்னதுன்னு நெனச்சே?"

நான்தான் என்றேன். பத்தாவது படிக்கும்போது.

"ஒன்பதாவது யூனிஃபார்ம்லயே வெச்சிருந்துச்சு, ஞாபகம் இல்ல? ஸ்கூல்ல ஒரு பாக்கெட்தான் ரூல்னு இசக்கிமுத்து டெய்லர் சொன்னாரு. என் பிள்ளை பேனா நெறைய வெப்பான், நீங்க தைங்கன்னு சொன்னேன். அதைப் பாத்துத்தான் அடுத்த வருஷம் நீயே கேட்டே."

"உனக்கு அப்பவே தெரியுமா அம்மி?"

"நீ வாயத் தொறக்கலே. நான் தொறந்தா இன்னும் குறுகிப்போவேன்னு நானும் மூடிக்கிட்டேன். தப்புதான். ஒரு டாக்டர்கிட்ட அப்பவே கூட்டிட்டுப் போயிருக்கணும்."

பத்தொன்பது வருஷம். ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை, ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம்.

தையல் சிக்கலையும் சொன்னேன். எது சரி என்று கேட்டேன். "என்னைக் கேக்காதே. அவசியமா இல்லியான்னு ஒனக்குத்தான் தெரியும்" என்று எழுந்துபோய், ஆறிப்போன குழம்பைச் சூடு பண்ணினாள்.

ஜனவரி 27

டாக்டரிடம் அம்மியும் வந்தாள். இந்தத் தடவை என்ன பயணம், என்ன உடை என்று முழுதாகச் சொன்னேன்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். "நல்லா ஆறிட்டு வருது. நாலு வாரம் முடிஞ்சதும் பாதி நாள் கழட்டி வைக்கலாம். சாயங்காலம் கொஞ்சம் வீங்கும், அவ்வளவுதான். திரும்பி வந்து போட்டுக்கோங்க."

வெளியே வரும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. கழட்டவே கூடாது என்று அவர் சொல்லியிருந்தால், அவசியம் என்று சொல்லி வெஸ்ட்டையும் போட்டு, துண்டையும் போர்த்திக்கொண்டிருப்பேன். அது இன்னொரு பாக்கெட் எனக்கு. ஹஜ்ரத் நேர்மையாகப் பார்க்கச் சொன்னது இதைத்தான்.

பிப்ரவரி 2

நாளை விமானம். முதலில் மதீனா. அம்மி பெட்டியை நான்காவது முறையாக அடுக்குகிறாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு, மக்கா

நேற்று முடிந்தது.

மதீனாவை விட்டுக் கிளம்பும்போது வெஸ்ட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். இஹ்ராம் கட்டினேன். பஸ்ஸில் முழுக்கப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஹரம் பள்ளிவாசலுக்குள் நுழைந்து கஅபாவைப் பார்த்ததும் அம்மி அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

சுற்ற ஆரம்பிக்கும் இடத்தில் மேல் துண்டை இறக்கினேன். வலது மார்பு திறந்தது. வீக்கம் பாதிதான் வடிந்திருக்கிறது, காம்புக்குக் கீழே மஞ்சளாக ரத்தக்கட்டு, தையல் போட்ட கோடு. எந்த நாளுக்காக ஆபரேஷன் செய்துகொண்டேனோ அந்த நாளில் அது இன்னும் பாதி வேலையாகத்தான் இருந்தது.

அம்மி என் வலது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூட்டம் நெரித்தபோதெல்லாம் அவள் கொஞ்சம் முன்னால் வந்து, துப்பட்டாவைப் பரத்தி, என்னை ஒட்டியே வந்தாள். முழங்கால் வலி, அதனால் சாய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாவது சுற்றில்தான் உறைத்தது. கஅபா இருப்பது இடது பக்கம். சுற்றுகிற எல்லோருக்கும் இடது பக்கம்தான். மூன்று வருஷமாக விடாமல் கேட்டவள், அதைப் பார்க்கிற பக்கத்தை விட்டுவிட்டு, எனக்கு வலது பக்கம், வெளிக்கூட்டத்துக்கும் என் மார்புக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கஅபாவை மறைத்துக்கொண்டு நான்.

"அம்மி, இந்தப் பக்கம் வா."

"இருக்கட்டும் பேட்டா."

"வா அம்மி. அங்கேயிருந்து உனக்குத் தெரியாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், கீழே பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். நான் அவள் தோளைப் பிடித்து எனக்கு முன்னால் கொண்டுவந்து இடது பக்கம் விட்டேன். இப்போது அவளுக்கும் கஅபாவுக்கும் நடுவில் நான் இல்லை. எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் யாரும் இல்லை.

யாராவது பார்த்தார்களா? தெரியாது. பார்த்திருக்கலாம். மீதி நான்கு சுற்றும் நான் அம்மியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறைக்கு வந்ததும் நன்றாக வீங்கியிருந்தது. வெஸ்ட்டை அம்மிதான் கொக்கி மாட்டிவிட்டாள். "மூச்ச இழு" என்றாள், கீழேயிருந்து ஒவ்வொன்றாக.

மார்ச் 1, ஞாயிறு

பெருநாள் துணி கொடுக்க இசக்கிமுத்து டெய்லர் கடைக்கு அம்மியும் நானும். வெஸ்ட் போய் ஒன்பது நாள் ஆகிறது. இடது பக்கம் இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறது, வலது பக்கம் ஒரு சின்னக் குழி. டாக்டர் சொன்னதுதான். கிஷோர் அடுத்த ஞாயிறு கடலுக்குக் கூப்பிட்டிருக்கிறான். நோன்பு முடியட்டும் என்றேன், அலர்ஜி என்று சொல்லவில்லை.

டெய்லர் மார்பளவு எடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "வழக்கம்போல ரெண்டு பாக்கெட்தான தம்பி?"

அம்மி ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒண்ணு போதும் அண்ணே."

"எந்தப் பக்கம்?"

"எல்லாருக்கும் வெக்கிற பக்கம்தான்."