யார் கூப்பிட்டாலும் போகிற பிள்ளை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிம்மாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாடிப்படிதான் இன்னும் ஏற முடியவில்லை, கீழே நின்றபடியே மாடியில் துணி காயப்போடும் என்னை அதிகாரம் செய்கிறாள். பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை, ஒரு மழை பெய்தால் போதும், ஊரில் உள்ள ஸ்கூட்டர் எல்லாம் ஒன்றாகப் படுத்துக்கொள்கின்றன. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான்.

உன் வீட்டிலிருந்து கிளம்பும்போது, குழந்தை நன்றாக ஒட்டிக்கொண்டது, அழுகை இல்லை, அடம் இல்லை, இனி நீ தாராளமாக வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீயும் அதை நம்பி, மிச்ச லீவு வேண்டாம், திங்கட்கிழமையே வந்துவிடுகிறேன் என்று ஆபீசில் சொல்லப் போகிறாயாம், அம்மா சொன்னாள். உங்கள் மேலாளர் வேறு, பெத்தவங்களுக்கு உடம்பு தேறணும், உங்களுக்கு என்னங்க, புள்ள நடந்தே வந்துடுச்சே என்று சிரித்தாராம். தத்தெடுத்தவர்களுக்கும் உண்டு என்று உங்கள் ஆபீஸ் விதியிலேயே இருக்கிற லீவு அது. அதை ஓசியில் வாங்குவது போல நீ கூனிக் குறுகுவதுதான் எனக்குக் கோபம். ஆனால் அவரைத் திட்டி என்ன, அவர் சொன்னதையே நானும் வேறு மாதிரி சொல்லிவிட்டுத்தானே வந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் அங்கே இருந்தபோது சமையலறைக் குழாயைச் சரிசெய்ய ஒருவர் வந்தாரே, நானே செய்திருப்பேன், இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று நீதான் விடவில்லை. அவர் வேலையை முடித்துப் பையை எடுத்ததும் குட்டிம்மா ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து, போலாமா என்று கேட்டாள். நாம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். யாரிடமும் போகிறாள், என்ன சமத்து என்று மெச்சியவன் நான்தான். இங்கே வந்து பட்டறையில் சொன்னேன், சிரித்தார்கள். உன் சித்தியிடம் சொன்னேன், சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் புள்ளைக்கு நம்ம வீடும் ஒண்ணுதான், குழாய்க்காரர் வீடும் ஒண்ணுதான், இதைப் போய் சமத்துன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்களே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இந்த மூன்று வயதுக்குள் அவள் எத்தனை பேர் கையைப் பிடித்து எத்தனை வாசல் தாண்டியிருப்பாள், கூப்பிட்டவர் பின்னால் போவது ஒன்றுதானே அவளுக்குப் பழக்கம். நீ அந்த வயதில் நான் பட்டறைக்குக் கிளம்பினால் காலைக் கட்டிக்கொண்டு தெருவையே கூட்டுவாய், நான் திருடன் மாதிரி பின்பக்கமாக நழுவுவேன். இவர் என் அப்பா என்று தெரிந்ததால்தானே உனக்கு அத்தனை ஆர்ப்பாட்டம்.

அதனால் நான் சொன்னதை நானே வாபஸ் வாங்குகிறேன். லீவை விட்டுக்கொடுக்காதே. இப்போது பகல்நேரக் காப்பகத்தில் விட்டுவிட்டு நீ வேலைக்குப் போனால் சிரித்துக்கொண்டே போவாள், அங்கே இருக்கும் ஆயா கையையும் பிடித்துக்கொள்வாள், எல்லோரும் மெச்சுவார்கள், எனக்கு அதுதான் பயம். உன் லீவு முடிந்ததும் மாப்பிள்ளை தன்னிடம் சேர்ந்திருக்கும் லீவை எடுக்கட்டும், கூச்சப்படாமல் கேட்கச் சொல். கொஞ்ச காலத்துக்குக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நீங்கள் இருவர் மட்டும் செய்யுங்கள், வருகிறவர் போகிறவர் மடியில் உட்கார்த்தி வேடிக்கை பார்க்க வேண்டாம். அதில் நானும் சேர்த்தி. அடுத்த மாதம் வருவதாக இருந்தேன், வரவில்லை. தாத்தா என்று அவள் தாவி வந்தது கண்ணிலேயே நிற்கிறது. பரவாயில்லை, முதலில் உன்னிடம் வரட்டும், பிறகு என்னிடம் வரலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தை தூங்கும்போது நீயும் கொஞ்சம் தூங்கு. மூவரும் நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. என்றைக்காவது நீ பக்கத்துக் கடைக்குக் கிளம்பும்போது அவள் உன் காலைக் கட்டிக்கொண்டு, போகாதே என்று தரையில் புரண்டு அழுவாள். அப்போது சமாதானப்படுத்த அவசரப்படாமல் எனக்குப் போன் போடு. நானும் அம்மாவும் அந்த அழுகையைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா