டீசல் இல்லாத வேன்

ஞாயிறு, இரவு

மாகாண சபைத் தேர்தலில் நிற்கும் செல்வம் இன்று வேனில் எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு வந்தான். என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது நான் ஓடிப்போய்க் கேட்ட அதே வேன். "டீசல் இல்லக்கா" என்றான் அன்று. இரத்தினபுரி ஆஸ்பத்திரி வாசலைக்கூட அவர் பார்க்கவில்லை.

இன்று கும்பிட்டான். "லயத்து ஆளுங்க நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. ஓட்டுச் சீட்டில புள்ளடி போட நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்க்கா."

"சரிங்க தம்பி" என்றேன்.

சொல்லிக் கொடுப்பேன். இங்கே எப்போதும் அவன் கட்சிதான் ஜெயிக்கும். சின்னத்துக்குப் புள்ளடி போடட்டும். கட்சிக்குள் யார் சபைக்குப் போவது என்று தீர்மானிக்கும் விருப்பு வாக்குக்கு மட்டும் அதே கட்சியில் நிற்கும் வேறு மூவரின் நம்பரைக் காட்டுவேன். கட்சி சபைக்குப் போகும். இவன் வீட்டில் கிடப்பான்.

அப்புறம் ஒருநாள் அவன் வாசலுக்குப் போய், வேனில் டீசல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.