பிளாப்பி காமிராவும் ருக்மணியின் படமும்

29.11.99, திங்கள்

காலையில் நல்ல பனி. வெயில் வர எட்டரை ஆகிவிட்டது. பால் திரிந்துபோனதால் வரக்காப்பி.

ருக்மணி: கஞ்சி அரை டம்ளர். மாத்திரை மூன்று. வலி ஊசி 11 மணிக்கு, நர்ஸம்மா வந்து போட்டார்.

இனி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி இன்றோடு பதினாறு நாள். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அர்த்தம் ஒன்றுதான்.

காங்கேயத்திலிருந்து கொழுந்தியாள் போன். மழை, தேங்காய் விலை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், அக்காவை நல்லதாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாலை போட ஒரு படம் வேண்டும்.

ஆல்பம் ஏழையும் புரட்டினேன். பவானிசாகர் அணை. ஊட்டி ரயில். அந்தியூர்ச் சந்தையில் ஒரு குதிரை, அதற்கு மட்டும் ஆறு படம். ருக்மணி எல்லாவற்றிலும் ஓரத்தில். பாதித் தலையோடு, இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு. இருபத்தாறு வருடம் எடுத்தவன் நான். பெரிய காமிராக்காரன்.

30.11, செவ்வாய்

ஆபீஸ் அரை நாள். கரண்ட் பில் கட்டியாயிற்று.

நாங்கள் செய்யும் பம்புகளின் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப எங்கள் பிரிவில் புதுக் காமிரா வாங்கியிருக்கிறார்கள். பிலிமே கிடையாது, உள்ளே கம்ப்யூட்டரில் போடும் பிளாப்பித் தட்டு. எடுத்த அடுத்த நொடி முதுகுப்பக்கத் திரையில் படம் வந்துவிடுகிறது. முதலாளியிடம் இரண்டு நாளைக்குக் கேட்டேன். எதற்கென்று கேட்காமல் கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பிலிம்: ரோல், கழுவுகூலி, பிரிண்ட். நாலைந்து நாள் காத்திருக்க வேண்டும். கண் மூடியிருந்தது தெரியவரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

பிளாப்பி: செலவில்லை. உடனே தெரியும். சரியில்லையா, அழித்துவிட்டு மறுபடி.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது. கணக்குப் பிரிவு ராமசாமி மட்டும், பெரிசாக்கினால் கட்டம் கட்டமாக வரும், பிலிம் மாதிரி ஆகாது என்றார். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

1.12, புதன்

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பி, முதுகுக்கு மூன்று தலையணை. மயில்கழுத்து நிறப் புடவையைப் போர்த்திவிட்டேன். பொட்டும் நான்தான் வைத்தேன். கொஞ்சம் கோணல். ஆபீஸ் காமிரா, சோதித்துப் பார்க்கிறேன் என்றேன். நம்பினாளோ என்னவோ.

"பம்பை எடுக்கற காமிராவுலயா என்னைய எடுக்கறீங்க?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடு ஒன்று. மொத்தம் ஒன்பது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இதோ பார், இப்போதே தெரியும் என்று திரையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

செப்டம்பரில் மகள் கவிதா கோபியிலிருந்து வந்திருந்தபோதே அறைக் கண்ணாடியைக் கழற்றி மாடியில் வைத்துவிட்டாள். ஆணி ஆடுகிறது என்று அம்மாவிடம் ஒரு சாக்கு. மூன்று மாதமாக ருக்மணி தன் முகத்தைப் பார்க்கவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நீட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். வேறு யாருடைய படத்தையோ பார்ப்பதுபோல.

"இதுங்களா நானு?"



"அழிச்சுப்போடுங்க."

எல்லாவற்றையுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். ஒவ்வொரு படத்துக்கும் நிச்சயமா என்று காமிரா கேட்கிறது. ஒன்பது தடவை ஆமாம் என்று அமுக்கினேன். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏமாற்ற வழியில்லை. சிரித்த படமும் போயிற்று.

2.12, வியாழன்

பேசவில்லை. கஞ்சி வேண்டாம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

கவிதா போன். சொன்னேன். அழுதாள்.

"ஏனுங்கப்பா, பின்னெ நான் எதுக்குங்க கண்ணாடியக் கழட்டுனது?"

அவள் அழுததைவிட அந்தக் கேள்வி பெரிது.

காமிராவைத் திருப்பிக் கொடுத்தேன். படம் எப்படி வந்தது என்று ராமசாமி விசாரித்தார். தெளிவாக வந்தது என்றேன். பொய் இல்லை. பிலிமாக இருந்திருந்தால் ரோல் கடையில் கிடந்திருக்கும், அவளும் நிம்மதியாகக் கிடந்திருப்பாள்.

ஆபீஸ் முழுக்க 2000ஆம் வருடம் பிறப்பது பற்றியே பேச்சு. ஒன்றாம் தேதி கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடுமாம். நிற்கட்டும். எனக்கு இந்த மாதத்தைத் தாண்டி எதுவும் தெரியவில்லை.

காஸ் புக் பண்ண வேண்டும்.

5.12, ஞாயிறு

மோடம் போட்டு வெயிலே இல்லை. காற்றும் இல்லை.

அவளாகவே பேசினாள். பழைய காமிரா பீரோவில்தானே இருக்கிறது என்று கேட்டாள். இருக்கிறது, ரோல் இல்லை. போய் வாங்கி வரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, டவுன்ஹால் பக்கம் பாதிக் கடை அடைப்பு. காந்திபுரத்தில் கிடைத்தது. முப்பத்தாறு.

"இதுல ஒடனே தெரியாதில்லீங்க?"

தெரியாது, கழுவினால்தான் என்றேன். மறுபடியும் தலையணை, புடவை, பொட்டு. இந்தத் தடவை பொட்டு நேராக வைத்தேன்.

நான்கு எடுத்தேன். சிரிக்கவில்லை. சிரிக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஐந்தாவதற்குள் கையைத் தூக்கிவிட்டாள், களைப்பு.

"நான் போனதுக்கப்பறம் கழுவிக்குங்க. நீங்க பாத்துக்குங்க. எனக்கு வேண்டாமுங்க."

சரி என்றேன். அந்த இடத்தில் வேறு எவனாவது இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருப்பான். பின்கட்டுத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போய் அழுதேன்.

9.12, வியாழன்

ஊசி இரண்டு. வலி கேட்கவில்லை. கவிதா வந்துவிட்டாள். என்னோடு சாதாரணமாகப் பேசுகிறாள், அதுவே தாங்கவில்லை.

சாயங்காலம் ருக்மணி தண்ணீர் கேட்டாள். கொடுத்ததும் என்னை யாரென்று கவிதாவிடம் கேட்டாள்.

14.12, செவ்வாய்

ருக்மணி போய் மூன்று நாள். சனிக்கிழமை காலை, ஏழு இருக்கும்.

வீடு நிறைய ஆள். காரியத்துக்குள் படத்துக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று கொழுந்தியாள் இரண்டு முறை சொல்லிவிட்டாள். காமிராவை எடுத்துக்கொண்டு கிராஸ்கட் ரோட்டில் கலர் லேபுக்கு நடந்தே போனேன். செருப்பு மாற்றிப் போட்டிருந்தது பாதி வழியில்தான் தெரிந்தது.

கவுண்டரில் இருந்த பெண் காமிராவைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். நாலுதான் ஓடியிருக்கிறது என்றாள்.

"இன்னும் முப்பத்திரண்டு இருக்குதுங்களே. எடுத்து முடிச்சுட்டுக் குடுங்க. வீணாப் போயிருமுங்க."

போகட்டும், கழுவிவிடுங்கள் என்றேன்.